மொரிஷியஸ் பயணப் பெட்டியும் மாமியாரின் பாதமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 42. ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். கணவர், நான்கு வயது மகன், 69 வயது மாமியார் ஆகியோருடன் தைப்பூசத்தை ஒட்டிப் பன்னிரண்டு நாள்கள் மொரிஷியஸில் தங்குவதற்குப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. முதல் வாரம் ஃப்ளிக் அன் ஃப்ளாக் கடற்கரை. அதன் பிறகு காத்ர் போர்ன் மலையடிவாரத்து முருகன் கோவிலில் மாமியார் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல்.

மாமியாருக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் ஒருவேளை இன்சுலின், அதோடு மெட்ஃபார்மின், க்ளிக்லஸைட் மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியச் செய்யும் மாத்திரை ஆகியவை எடுத்துவருகிறார். ஓராண்டாக "பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவருகிறாராம். மகனுக்கு ஆஸ்துமா உண்டு. இன்சுலினைப் பனிக்கட்டிப் பைகளோடு பெரிய பெட்டியில் வைத்து அனுப்புவது, எல்லா மாத்திரைகளையும் உறையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் போட்டுக்கொள்வது, அனைவரும் மலேரியா மாத்திரை சாப்பிடுவது, மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் பயணக் காப்பீட்டை விட்டுவிடுவது என்று திட்டமிட்டிருக்கிறார். "அம்மா இருபது ஆண்டுகள் டர்பனில் வெறுங்காலோடு காவடியில் நடந்தவர், முருகன் பார்த்துக்கொள்வான்" என்று கணவர் சொல்கிறார். சகோதரிக்கோ பயம். மாமியாரை வீட்டிலேயே விட்டுச் செல்லலாமா, அல்லது தைப்பூச நாளன்று ஏதாவது காரணம் சொல்லி விடுதியிலேயே இருக்க வைத்துவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் உடை, தொப்பி, வெயில் பூச்சு, நீச்சலுடை என்று ஒரு பக்கம் நிறையப் பட்டியல் இருக்கிறது. அவற்றில் எதையாவது மறந்தாலும் போர்ட் லூயிஸ் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். பட்டியலில் எங்குமே இல்லாமல், கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரே வரியில் நீங்கள் சொல்லிச் சென்ற "பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி" என்ற சொற்கள்தாம் என்னை நிறுத்திவைத்தன. இந்தப் பயணத்தைத் திட்டமிட வேண்டியது அங்கிருந்துதான்.

பஞ்சின் மேல் நடக்கும் பாதம்

சர்க்கரை நீண்ட காலம் கூடுதலாக இருந்தால் உடலின் மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதாகின்றன. அவை முடியும் இடம் பாதம். ஆகவேதான் மரமரப்பும் பஞ்சு உணர்வும் கால்விரல்களில் தொடங்குகின்றன. அந்தப் பாதத்துக்கு வலி என்ற எச்சரிக்கை மணி கிடையாது. வியர்வை சுரப்பதும் குறைந்து தோல் காய்ந்து வெடிக்கும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சிறு கீறல் ஆறுவதற்கே மாதங்கள் ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மூதாட்டியை அவருடைய பேத்தி அழைத்துவந்தாள். கடற்கரைக்குப் போய் வந்த மறுநாள் பாட்டியின் காலுறையில் இரத்தக்கறை இருப்பதைப் பேத்திதான் பார்த்திருக்கிறாள். பாட்டிக்கு எதுவும் தெரியவில்லை. அவர் கழற்றி வைத்த கான்வாஸ் காலணியைத் தலைகீழாகப் பிடித்து மேசையில் தட்டினேன். மணலோடு, நகக்கண் அளவுள்ள ஒரு சிப்பித் துண்டு விழுந்தது. அதன் மேல்தான் அவர் ஒரு பகலும் ஒரு காலையும் நடந்திருந்தார். நான்கு மாதங்கள் கட்டுப் போட்டோம். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வீட்டிலேயே நீங்கள் செய்துபார்க்கக்கூடிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. மாமியாரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய வலது காலின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளை ஒவ்வொன்றாக, இறகு பட்டதுபோல், ஓரிரு விநாடி மட்டும் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. பிறகு இடது காலிலும் அவ்வாறே. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். இந்த ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், பாதத்தின் உணர்வு குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். புறப்படுவதற்குமுன் மருத்துவரிடமோ கிளினிக்கிலோ பாதத்தை முழுமையாகக் காட்டியாக வேண்டும். ஆறும் தெரிந்தாலும் அவர் சொல்லும் பஞ்சு உணர்வைத் தள்ளிவிட முடியாது. அப்போதும் காட்டுவதே நல்லது.

வேண்டுதலும் வெயிலும்

உங்கள் கணவர் சொல்வதில் பக்தி இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். என் தாயாரும் டர்பன் கோவில்களில் வெறுங்காலோடு நடந்தவர்தான். ஆனால் இருபது ஆண்டுகள் நடந்த அந்தக் கால்களும் இன்று அவர் வைத்திருக்கும் கால்களும் ஒன்றல்ல. அன்று சூடு தெரிந்ததும் கால் தானாக நிழலுக்கு விலகியது. இன்று அந்த அறிவிப்பு மேலே வந்து சேராது. தென் அரைக்கோளத்தில் தைப்பூசம் நடுக்கோடையில் வருகிறது. காற்றின் வெப்பம் 31, 32 பாகை செல்சியஸ் இருக்கும் நண்பகலில் வெயில் படும் தார்ச்சாலை 50 பாகையைத் தாண்டிவிடும். நல்ல உணர்வுள்ளவர் துள்ளிக் குதிக்கும் அந்தச் சூட்டில் உணர்விழந்த பாதம் நிதானமாக நடந்துகொண்டே இருக்கும். மாலையில்தான் உள்ளங்கால் முழுதும் கொப்புளமாகக் கிளம்பியிருப்பது தெரியும்.

ஆனாலும், ஏதாவது காரணம் சொல்லி அவரை விடுதியில் இருத்திவிடும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். தெளிந்த புத்தியுள்ள பெரியவர் அவர். தம் உடலைப் பற்றிய உண்மையை அறிந்து முடிவெடுக்கும் உரிமை அவருக்கு முழுமையாக உண்டு. ஏமாற்றப்பட்டதை அவர் பின்னால் அறிந்தால், அடுத்த முறை காலில் புண் வந்தாலும் உங்களிடம் சொல்லமாட்டார். அது எந்த வெயிலையும்விட ஆபத்து. வீட்டிலேயே விட்டுச் செல்வதும் என் பார்வையில் தேவையில்லாதது. இப்போது புண்ணோ வீக்கமோ இல்லாமல், சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் இருந்தால் அவர் தாராளமாகப் பயணம் செய்யலாம்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அதிகாலையில், தரை சூடேறுமுன், ஊர்வலத்தின் கடைசிச் சிறு பகுதியில் மட்டும் அவர் பால்குடத்தோடு சேர்ந்துகொள்ளட்டும். கோவில் வாசல்வரை காலணியோடு வரட்டும். உடல்நிலையை முன்கூட்டியே சொன்னால் கோவில் நிர்வாகத்தார் இடம் கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன்; நீங்களே எழுதிக் கேளுங்கள். தடித்த காலுறை மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது சூட்டைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. இதற்கும் அவர் இசையவில்லை என்றால், அவருடைய வேண்டுதலை உங்கள் கணவர் ஏற்று நடந்து, அம்மா கோவிலில் காத்திருந்து குடத்தை வாங்கி அபிஷேகத்துக்குக் கொடுப்பது நம் குடும்பங்களில் புதிதல்ல.

விரதத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். பத்து நாள் காய்கறி உணவு மட்டும் உண்பது அவருக்குக் கெடுதல் செய்யாது; நேரத்துக்குச் சாப்பிட்டால் போதும். ஆனால் பூசத்தன்று காலையில் வெறும் வயிற்றோடு வெயிலில் நடப்பது வேறு. முந்தைய இரவின் இன்சுலினும் காலையில் போட்ட க்ளிக்லஸைட்டும் உணவு இல்லாத உடலில் சர்க்கரையைக் கீழே இழுத்துவிடும். வெப்பம் இன்சுலினை இன்னும் வேகமாக உறிஞ்சச் செய்யும். அந்த ஒரு நாளுக்கான அளவை எப்படிக் குறைப்பது என்பதை அவருக்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நடக்கும் முன் விரல் குத்திப் பார்த்து, நம் ஊர்க் கருவிகள் காட்டும் mmol/L அளவில் சர்க்கரை 5-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே புறப்பட வேண்டும். 4-க்குக் கீழே போனால், அல்லது நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் தடுமாற்றமும் வந்தால், உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் எப்போதும் அவர் அருகிலேயே இருக்க வேண்டும். அந்த ஒருவரின் சட்டைப்பையில் சர்க்கரை இருக்க வேண்டும்.

இன்சுலினும் மற்ற மருந்துகளும்

இன்சுலினைக் கெடுப்பது சூடு மட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். உறைபனி அதைவிட மோசம். பனிக்கட்டிப் பையை ஒட்டி வைத்தாலும், விமானத்தின் சரக்கறைக் குளிரில் கிடந்தாலும் அது உறைந்துபோகலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம். ஆனால் அதை நம்பிப் போடக்கூடாது, எறிந்துவிட வேண்டும். மேலும், பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் போய்விடும். ஆகையால் இன்சுலின், ஊசிமுனைகள், சர்க்கரை பார்க்கும் கருவி, அனைத்து மாத்திரைகள் ஆகியவை கைப்பையில்தான் வர வேண்டும். பாதியைக் கணவரின் பையிலும் பாதியை உங்கள் பையிலும் பிரித்து வையுங்கள். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பேனா 30 பாகைக்குக் கீழே நிழலில் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். உறையில் அச்சிட்டிருக்கும் அளவையே இறுதியாகக் கொள்ளுங்கள். திறக்காத பேனாக்களை விடுதிக் குளிர்ப்பெட்டியின் கதவுப் பக்கத்தில், உறைநிலை அறைக்கு எட்டாமல் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள்.

தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பைகள் ஆவியாதலால் வேலை செய்பவை. தீவின் கோடைக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால், வறண்ட ஊரில் குளிர்வதுபோல் அங்கே அவை குளிராது. உறையின் மேல் விசிறிக் காற்று படும்படி வைத்தால் சற்று உதவும்.

மருந்தைப் பன்னிரண்டு நாளுக்கு எண்ணி வைக்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடலில் புயற்காலம். அதிலும் ஜனவரியும் பிப்ரவரியும் உச்சம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றது. விமான நிலையமும் மூடப்பட்டது. அங்கே புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புகளில் அறிவிக்கப்படும்; மூன்றாம் வகுப்பு அறிவிப்பு வந்துவிட்டால் விடுதியை விட்டு வெளியே போக வேண்டாம். இரண்டாம் வகுப்பிலேயே குடிநீரும் மருந்தும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

நேர மாற்றம் குறித்துக் கவலை வேண்டாம். மொரிஷியஸ் நமக்கு இரண்டு மணி நேரம் முன்னே இருக்கிறது. அவர் வழக்கமாக இரவு பத்து மணிக்குப் போடும் ஊசியை அங்கேயும் அங்குள்ள பத்து மணிக்கே போடலாம்.

ஒரே டப்பாவில் எல்லா மாத்திரைகளும் என்ற யோசனையை நான் வலுவாக மறுக்கிறேன். உங்கள் பட்டியலில் மாமியாரின் முட்டிவலிக்காக மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய, கோடீன் என்ற அபின் வகை வலிமருந்து கலந்த மாத்திரையும் இருக்கிறது. இங்கே கடையில் கிடைப்பதால் அங்கும் சாதாரணம் என்று எண்ணிவிடாதீர்கள். கோடீன், டிராமடால், டயஸெபாம் போன்றவற்றை மொரிஷியஸ் சட்டம் கடுமையாகப் பார்க்கிறது. உரிய சீட்டும் தேவையான முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் சிக்கலாகலாம். அந்த மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறும் பாராசிட்டமால் எடுத்துச் செல்வதே எளிது. உங்கள் கணவர் முதுகுவலிக்குப் பயன்படுத்துவதாகச் சொன்ன கஞ்சா எண்ணெயும் வேண்டவே வேண்டாம். 2018-இல் நம் அரசியலமைப்பு நீதிமன்றம் பெரியவர்கள் தனியிடத்தில் கஞ்சா பயன்படுத்துவது குற்றமல்ல என்று அளித்த தீர்ப்பு இந்நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகிறது. மற்ற மருந்துகளை அவற்றின் சொந்த உறையிலேயே, மருந்துகளின் பொதுப்பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு எடுத்துச் செல்லுங்கள். ஊசிமுனைகளுக்கும் அந்தக் கடிதமே பாதுகாப்புச் சோதனையில் உங்களுக்குத் துணை.

மெடிக்கல் எய்ட் விஷயத்தில் பாதி சரியாகச் சொல்கிறீர்கள். சில திட்டங்கள் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு ஒரு வரம்புவரை பணம் தருகின்றன, சில தருவதில்லை. மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்: ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயால் வரும் சிக்கலுக்குப் பணம் உண்டா? மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்துவார்களா, அல்லது நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கோர வேண்டுமா? நோயாளியை விமானத்தில் டர்பனுக்குக் கொண்டுவரும் செலவு சேருமா? ஒன்றுக்காவது "இல்லை" என்று வந்தால், பழைய நோயை மறைக்காமல் அறிவித்துப் பயணக் காப்பீடு எடுங்கள். அங்கே மருத்துவ அவசரத்துக்கு அழைக்கும் எண் 114.

கொசு, கடல், குழந்தை

மொரிஷியஸுக்கு மலேரியா மாத்திரை தேவையில்லை. அங்கே உள்ளூரில் மலேரியா பரவுவதில்லை. மடகாஸ்கர், சான்சிபார், மொசாம்பிக் போன்ற இடங்களையும் பயணத்தில் சேர்த்தால் கதை வேறு. ஆனால் டெங்கும் சிக்குன்குனியாவும் அந்தத் தீவுகளை விட்டுவைக்கவில்லை. 2005–06-இல் பக்கத்து ரீயூனியனில் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைச் சிக்குன்குனியா பிடித்தது. இவற்றைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. இரவு வலையை மட்டும் நம்பியிருந்தால் பயனில்லை. டீட் (DEET) என்ற வேதிப்பொருள் 20 முதல் 30 விழுக்காடு உள்ள கொசுவிரட்டியை, வெயில் பூச்சு காய்ந்த பிறகு அதன் மேல் தடவுங்கள். அங்கேயோ, திரும்பிய இரண்டு வாரத்துக்குள்ளோ காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டும். மாமியார் ஆஸ்பிரின் தினமும் எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

ஆஸ்துமா மருந்தைப் புகைபோலாக்கித் தரும் மின்கருவியான மகனுடைய நெபுலைசரைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெரிய மூன்று வட்டமுனைச் செருகி அங்குள்ள துளைகளில் பொருந்தாது. மின்சாரம் போனால் கருவியும் நின்றுவிடும். முகமூடி பொருத்திய ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் பிளாஸ்டிக் குழல்) வழியாக இன்ஹேலர் கொடுப்பது சாதாரணத் தாக்குதலில் நெபுலைசருக்கு ஈடாகும். ஸ்பேசர் தொலைந்துவிட்டாலும் கலங்காதீர்கள்: 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் சரியாக நுழையும்படி துளையிட்டுப் பயன்படுத்தலாம் என்பதைக் கேப் டவுனில் குழந்தைகளிடம் ஆய்ந்து 1999-இல் வெளியிட்டவர்கள் நம் நாட்டு மருத்துவர்களே.

கடலுக்குள் யாருமே வெறுங்காலோடு இறங்க வேண்டாம். பவளத் துண்டும் கடல் முள்ளெலியும் போதாதென்று, கல்லைப்போலவே கிடக்கும் கல்மீனும் அங்கே உண்டு. அதன் முதுகு முள் மெல்லிய ரப்பர் செருப்பையும் துளைக்கும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய வெந்நீரில், 45 பாகைக்கு மேற்படாமல், காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மாமியாருக்கு மட்டும் இந்த வெந்நீரின் சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய பாதம் பொய் சொல்லும். அவர் தண்ணீருக்குள் இறங்காமல் கரையில் நிழலில் அமர்வதையே நான் விரும்புவேன்.

பூஜைக்காக மாவிலை, எலுமிச்சை, தேங்காய் எடுத்துச் செல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பச்சைத் தாவரப் பொருள்களுக்கு முன் அனுமதி வேண்டும். எல்லாம் அங்கேயே கிடைப்பதால் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு இரவும் ஊசி போடும் நேரத்தில் அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் நீங்கள் பாருங்கள். காலையில் காலணிக்குள் கைவிட்டுத் தடவிய பிறகே அணியட்டும். சிவப்போ கொப்புளமோ கண்டால் உடைக்காமல், அன்றே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று. அவருக்கு முன்பக்கம் மூடிய, அகலமான, உள்ளே தையல் உறுத்தாத காலணி ஒன்று வாங்க வேண்டும். மாலை வேளையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அளந்து வாங்குங்கள். அதை வீட்டுக்குள் முதல் நாள் அரை மணி நேரம், அடுத்த நாள் ஒரு மணி நேரம் என்று இரண்டு வாரம் பழக்கிய பிறகே பயணத்துக்கு எடுக்க வேண்டும். அந்தக் கடைக்கு நீங்கள் இருவர் மட்டும் போய்வாருங்கள். சிப்பித் துண்டின் கதையைச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியைத் தொட்ட அன்று அவரே என்ன சொன்னார் என்பதையும் நினைவூட்டுங்கள். பால்குடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை அவரே சொல்லட்டும்.